உங்கள் சொந்த வார்த்தைகளில்

"நீயே எழுதிக் குடுத்திருக்கே. அப்புறம் அவன் எப்படிக் குடுப்பான்?"

ராய்ஸ் கடிதத்தை மேசைமேல் எறிந்தான். அது வழுக்கிக்கொண்டு போய் பீன்ஸ் கிண்ணத்தில் இடித்து நின்றது. நடீன் எழுந்து, கடிதத்தின் ஓரத்தில் பட்ட குழம்பைத் துணியால் ஒற்றி எடுத்தாள். மாநில அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் கறை படக்கூடாது என்று அவளுக்கு.

வேலையின்மைப் பணம் கேட்டு அவள் போட்ட மனு தள்ளுபடி. காரணம் கீழே இரண்டே வரி. 'மனுதாரர் நடத்தைக்கேட்டினால் பணிநீக்கம் செய்யப்பட்டார். மனுதாரரே இதை எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார்.' அதற்கும் கீழே அவள் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். 'எனக்குச் சொந்தமில்லாததை எடுத்துத் தின்றேன். தப்பு என்னுடையது.'

"எங்கப்பா சுரங்கம் மூடின வருஷம்கூட, இல்லாதவங்களுக்குச் சும்மா குடுத்த கவர்ன்மெண்டு சீஸ் வாங்கித் தின்னதில்ல. நாம கை நீட்டியாச்சு. நீட்டின கையில துப்பியும் விட்டுட்டான்" என்றான் ராய்ஸ்.

நடீன் சோளரொட்டியைத் துண்டு போட்டு அவன் தட்டில் வைத்தாள். சுரங்கத்தில் முதுகு போன பிறகு அவள் கணவன் ராய்ஸ் ஆறு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அந்த டிரெய்லர் வீடு ஓடியது. இப்போது வீட்டுக்குப் பின்னால் நிற்கும், வீட்டைச் சூடாக்குகிற கேஸ் டாங்கில் முள் கிட்டத்தட்ட அடியில் படுத்திருந்தது. அவர்கள் ஊரான லாரல் ஃபோர்க்கில் அக்டோபர் முடிவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிடும்.

மலைமேல் இருந்த முதியோர் இல்லத்தில் நடீன் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டி விடுவது. எத்தனை பேரின் கடைசி மூச்சு அவள் கையைப் பிடித்தபடி அடங்கியது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வேலை போனது ஒரு கிண்ணம் டின் பீச் பழத்துக்காக.

அந்தக் கதையை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ராய்ஸிடம்கூட. "தட்டுல இருந்து எடுத்துத் தின்னேன். பார்த்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததே ஒரு தீர்ப்பு மாதிரி வீட்டுக்குள் கிடந்தது.

அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் போகிற கிறிஸ்தவச் சபையில் புதன்கிழமை சாயங்காலம் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. தப்பு செய்தவர் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதற்கு மூன்று கட்டுப்பாடு. 'ஆனால்' என்று ஒரு சொல் வரக்கூடாது. அடுத்தவர் பாவம் உன் வாயில் வரக்கூடாது. சொன்னதைப் பிறகு மாற்றக்கூடாது. நடீனுக்கு எட்டு வயதில் அவள் அம்மா பக்கத்து வீட்டில் கேட்காமல் பறித்த ஆப்பிளுக்காக எழுப்பி நிறுத்திச் சொல்ல வைத்தது அது. அன்றிலிருந்து எந்தக் கேள்வி கேட்டாலும் அவளுக்கு அந்த ஒரு விதமாகத்தான் பதில் வரும்.

மனுவில் கேட்டிருந்தார்கள். 'வேலை போனதற்கான காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' பத்து வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். நடீன் பேனாவை எடுத்தாள், சபையில் எழுந்து நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்தினாள், ஒன்றரை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டரை வரி வெள்ளையாகவே போனது.

*

"ஒன்றரை வரியா?" என்றாள் ஒலீட்டா. "அடியே, நான் தையல் கம்பெனியில இருந்து வெளிய வந்தப்ப பின்பக்கமும் எழுதி, தனியா ரெண்டு தாள் வேற ஒட்டினேன். என் கையெழுத்தைப் படிக்க முடியாமயே குடுத்துட்டான்."

ஒலீட்டா கோம்ப்ஸ் இல்லத்தில் நடீனோடு பதினோரு வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவள். எந்தச் சபைக்கும் போகாதவள். ஷிப்டு முடிந்து, சீருடையோடு, கையில் காப்பியோடு வந்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் ராய்ஸ் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். அவனுக்குக் காது இந்தப் பக்கம்.

அப்பீல் போடலாம், பதினைந்து நாள் இருக்கிறது, போனிலேயே விசாரிப்பார்கள் என்று ஒலீட்டா விளக்கினாள். நடீன் தயங்கினாள். கொடுக்க மாட்டேன் என்று சொன்ன இடத்தில் திரும்பப் போய் நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"இது பிச்சை இல்லடி. நீ வேலை பார்த்ததுக்கு இல்லத்துக்காரங்க மாநிலத்துக்குக் கட்டின வரி. உனக்குக் குடுத்தா நாளைக்கு அவங்களுக்கு வரி ஏறும். அதான் வெளியூர்ல இதுக்குன்னே ஆள் வச்சுத் தடுக்கிறாங்க." பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "சீஸ் கதையை நானும் கேட்டிருக்கேன் ராய்ஸ். உங்கப்பா வாங்கல, சரி. உங்கம்மா பின்வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவா. எடுத்துக் குடுத்தது எங்கம்மா."

டிவி சத்தம் ஏறியது.

ஒலீட்டா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. கப்பைப் பார்த்துக்கொண்டே, விசாரணையில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடாதே என்றாள். மிச்சத் தட்டிலிருந்து எல்லாரும்தான் தின்கிறோம், நேற்றுகூட நான் புட்டிங் தின்றேன், ஆனால் அதைச் சொன்னால் மறுநாள் எனக்கு வேலை இல்லை, வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். நடீன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். கூப்பிட மாட்டேன், உன் பெயரும் என் வாயில் வராது என்றாள்.

"வராதுன்னு தெரியும். அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." ஒலீட்டா காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கி, விசாரணையில் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதினாள். "விட் உன் சபைதானே? எத்தனை வருஷமா?"

கேரி விட் இல்லத்தின் நிர்வாகி. நடீனை வேலையை விட்டு அனுப்பியவர். சபையில் இரண்டாவது பெஞ்சில் உட்காருபவர். பதினோரு வருஷமாக வருகிறார் என்றாள் நடீன்.

"ஒரு புதன்கிழமையாவது எழுந்து நின்னிருக்காரா?"

நடீன் யோசித்துப் பார்த்தாள். இல்லை.

"உங்க சபையில ஒப்புக்கிறவ எல்லாம் மலம் அள்ளுறவ. ஒப்புக்காதவன் எல்லாம் முன் பெஞ்சு" என்றாள் ஒலீட்டா.

*

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. நடீன் சபைக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரியும். ஒலீட்டாவின் காகிதம் பக்கத்தில் உப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. ராய்ஸ் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

போனில் மூன்று குரல்கள் இருந்தன. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. சளி பிடித்த குரல். கேரி விட். அப்புறம், இல்லத்துக்காகப் பேச வந்த ஓர் ஆண். அவனுக்கு லாரல் ஃபோர்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவன் கேட்கக் கேட்க விட் பதில் சொன்னார். கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம், இல்லவாசிகளின் உணவைப் பணியாளர் உண்பது திருட்டு. கையேட்டைப் பெற்றுக்கொண்டதற்கு மிஸ்ஸஸ் நடீன் ஸ்டாம்பர் கையெழுத்திட்டிருக்கிறார். மிஸ்டர் ஹோபர்ட் லைகின்ஸ் என்ற இல்லவாசியின் காலைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பீச் பழமும் அரை பிஸ்கட்டும் தின்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

அதிகாரி இடையில் ஒன்று கேட்டாள். "அந்த நேரத்தில மிஸ்டர் லைகின்ஸ் எங்க இருந்தார்?"

விட் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குக் காலைல அவர் காலமாயிட்டார்" என்றார் விட். "சமையலறைப் பட்டியல்ல பேர் எடுக்கலை. தட்டு வந்திடுச்சு."

"அப்போ அந்தத் தட்டு?"

"கொட்டிடுவோம். ஆனா அது இல்லத்தோட சொத்து."

நடீனின் முறை வந்தது. அவள் காகிதத்தைப் பார்த்து, ஒலீட்டா எழுதிக் கொடுத்தபடி ஆரம்பித்தாள். முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வேலைக்குப் போனது. இரவு ஷிப்டுக்கு வர வேண்டியவள் வராததால், போகக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. மிஸ்டர் லைகின்ஸுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகள் தூரத்தில் இருந்தாள், வந்து சேர முடியவில்லை. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அடங்கியது. குளிப்பாட்டி, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு அனுப்பி வைத்தது. ஏழரைக்குத் தட்டு வந்தது. அதற்கு முன்னால் சாப்பிட்டது முந்தின நாள் மத்தியானம். அவர் உயிரோடு இருந்தபோது, பீச் எனக்கு ஆகாது நீ தின்னு என்று தினமும் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுவார். அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எடுத்தாள்.

சொல்லும்போது அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. தொட்டிப் பக்கம் ராய்ஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டான்.

வெளியூர் ஆள் தொண்டையைச் செருமினான். "மிஸ்ஸஸ் ஸ்டாம்பர், பசிச்சா எடுத்துக்கலாம், அது சரின்னு சொல்றீங்களா?"

"சரின்னு சொல்லல."

"மத்தவங்களும் இப்படி எடுப்பாங்களா? பேர் சொல்ல முடியுமா?" இதைக் கேட்டது அதிகாரி. சொல்லு என்று கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது அந்தக் குரல். எல்லாரும் செய்வதை ஒருத்திக்கு மட்டும் குற்றமாக்கினார்கள் என்று பதிவானால் மனு நிற்கும். ஒலீட்டாவே காகிதத்தில் அதை எழுதி, அடியில் கோடு போட்டு, பிறகு அடித்திருந்தாள். நடீன் அந்த அடித்தல் கோட்டைப் பார்த்தாள்.

"என்னோடதை மட்டும்தான் நான் சொல்வேம்மா."

"சரி" என்றாள் அதிகாரி. "'தப்பு என்னுடையது'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே? இப்பவும் அதுதான் உங்க வார்த்தையா?"

ராய்ஸ் 'இல்லைன்னு சொல்லு' என்கிற மாதிரித் தலையை வேகமாக ஆட்டினான். நடீன் அவனைப் பார்க்கவில்லை. ஆப்பிளுக்காக எழுந்து நின்ற எட்டு வயதுப் பெண்தான் அந்த நாற்காலியில் இருந்தாள்.

"எழுதினதை மாத்த மாட்டேம்மா. அது நிக்கும்."

போன் வைக்கப்பட்ட பிறகு ராய்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பதினாறு மணி நேரமா?"

"ம்."

"அந்த ஆளு செத்துட்டான்னு நீ சொல்லவே இல்ல."

"கேக்கல நீ."

அவன் வெளியே போனான். முதுகு வலியைப் பொருட்படுத்தாமல் அவன் விறகு பிளக்கும் சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்டது.

*

முடிவு எட்டே நாளில் வந்தது. நடீன் எதிர்பார்த்தபடிதான். 'விதியை அறிந்தே மீறியதாகவும், தவறு தன்னுடையதே என்றும் மனுதாரர் பிரமாணத்தின் பேரில் உறுதி செய்துள்ளார். தள்ளுபடி சரியே.' மாநில வாரியத்துக்கு இன்னொரு முறை எழுதலாம் என்று போட்டு, ஒரு தாளும் இணைத்திருந்தார்கள். 'முடிவை ஏன் ஏற்கவில்லை? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' இந்த முறையும் பத்து வரி இடம்.

நடீன் அதை மைக்ரோவேவ் மேல் வைத்தாள். எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தாள். பக்கத்து ஊரில் இருந்த இன்னொரு இல்லத்தில் வேலை கேட்டுப் போனபோது, பழைய இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்துவிட்டு, திருட்டு என்று பதிவாகியிருக்கிறதே அம்மா என்று அங்கே இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். நடீன் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். காரில் உட்கார்ந்தபோது அந்தச் சொல் மேலே ஒட்டிய மாதிரி இருந்தது. அவளே எழுதிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதுதானே.

ஞாயிற்றுக்கிழமை ஒலீட்டா வந்தாள். வழக்கமான சத்தம் இல்லை. காப்பியும் வேண்டாம் என்றாள்.

இல்லத்தில் விட் புது உத்தரவு போட்டிருக்கிறார். மிச்சத் தட்டு எதுவும் அப்படியே குப்பைக்குப் போகக்கூடாது. யாரும் எடுத்துத் தின்ன முடியாதபடி, பாத்திரம் கழுவும் பச்சை சோப்பைத் தட்டில் ஊற்றிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். தட்டு தள்ளிக்கொண்டு போகும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பாட்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"நேத்து நான் ஊத்தினேன்" என்றாள் ஒலீட்டா. "மூடியே திறக்காத கோழிக்கறி. உருளைக்கிழங்கு. ஒரு கிண்ணம் பீச். சோப்பு அதுமேல போனதும் நுரை வந்துச்சு. பக்கத்துல அந்தப் புதுப்பொண்ணு நிக்குது, கல்யாணம் ஆகாத பிள்ளைத்தாச்சி. காலைல இருந்து ஒண்ணும் தின்னலைன்னு எனக்குத் தெரியும். அவளும் பார்த்தா. நானும் பார்த்தேன். ஊத்தினேன்."

அவள் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

"பதினோரு வருஷமா என்னென்னவோ கழுவியிருக்கேன். நேத்து மாதிரி என் கை நாறினதில்ல" என்றாள் ஒலீட்டா.

அவள் போன பிறகு நடீன் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தன் தொட்டியில் இருந்த சோப்பு பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். அதே பச்சை. தின்கிற சாப்பாட்டில் விஷம் மாதிரி இதை ஊற்றச் சொன்ன மனிதர் புதன்கிழமை வந்து இரண்டாவது பெஞ்சில் உட்காருவார். கையைக் கோத்துக்கொண்டு அடுத்தவர் சாட்சி சொல்வதைக் கேட்பார். ஆமென் சொல்வார்.

தப்பு என்னுடையது.

அந்த வரியை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எட்டு வயதிலிருந்து அவள் வாயில் இனிக்காவிட்டாலும் சரியாக உட்காரும் வாக்கியம் அது. அன்றைக்கு முதல் முறையாக உட்காரவில்லை. சோற்றில் கல் மாதிரிக் கடிபட்டது.

பேனாவைத் தேடி எடுத்தாள்.

*

புதன்கிழமை ராய்ஸ் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் சபைக்குள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏன் வருகிறாய் என்று நடீன் கேட்கவில்லை. வழியில் தபாலாபீஸ் முன்னால் வண்டியை நிறுத்தினான். நடீன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, திரும்பும்போது போடலாம் என்றாள்.

கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி, ஒலீட்டா சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். தப்பான பஸ்ஸில் ஏறியவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடீன் அவளுக்குப் போன் செய்து, புதன்கிழமை வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. சகோதரர் டெல்மர், அந்தச் சபையின் போதகர், வழக்கம்போல் புத்தகத்தை மூடி வைத்தார். யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் இறக்கி வைக்கலாம் என்றார். ஓர் ஆள் எழுந்து, மனைவியைத் திட்டினதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு நடீன் எழுந்தாள்.

தலைகள் திரும்பின. பீச் கதை ஊருக்கே தெரியும். இத்தனை நாள் அவள் எழுந்து நிற்காததே சிலருக்குக் குறையாக இருந்தது. சகோதரர் டெல்மரின் முகம் கனிந்தது. "சொல்லும்மா, சகோதரி நடீன்."

"நான் ஒரு பொய் எழுதிக் குடுத்தேன்" என்றாள் நடீன். "மாநிலத்துக்கு எழுதின காகிதத்துல. அப்புறம் பிரமாணம் பண்ணிப் போன்லயும் அதையே சொன்னேன். தப்பு என்னுடையதுன்னு சொன்னேன். அது பொய்."

யாரோ இருமியது கேட்டது.

"செத்துப்போன மனுஷனுக்கு வந்த தட்டு. குப்பைக்குப் போற பழம். பதினாறு மணி நேரம் நின்னுட்டுப் பசிக்குத் தின்னேன். அது தப்பில்ல. தப்பில்லாததைத் தப்புன்னு எழுதி என் மேலயே பொய்ச்சாட்சி சொன்னேன். அந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேக்கிறேன். இனிமே செய்ய மாட்டேன்."

அவ்வளவுதான். அதில் ஒரு 'ஆனா' இல்லை. அடுத்தவர் பெயர் ஒன்றும் இல்லை. அவள் உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பைக்குள் வாரியத்துக்கு அனுப்பும் தாள் இருந்தது. பத்து வரியும் நிரம்பி, ஓரத்திலும் கொஞ்சம் ஏறியிருந்தது. ராய்ஸ் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே, தன் பெரிய கையை அவள் முழங்கை மேல் வைத்தான்.

சாட்சி சொல்லி முடித்தால் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, எந்தச் சபைக்கும் போகாத ஒலீட்டாவின் கரகரத்த குரல், எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"ஆமென்."

சகோதரர் டெல்மர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பெஞ்சுகளை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு முறை பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"இன்னும் யாராவது?"

அவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் கேரி விட் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, இன்னும் யாரும் அறிவிக்காத ஒரு பாட்டுக்குப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.